துணைவியின் முழங்கால் தேறும்வரை

ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு ரமளானில் பத்ரை நோக்கி முஸ்லிம்கள் புறப்பட்டபோது உஸ்மான் (ரலி) அவர்கள் அக்கூட்டத்தில் இல்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அருமை மகளாரும் தம் துணைவியாருமான ருகையா (ரலி) அவர்கள் நோயுற்றுக் கிடந்தார்கள். அவர்களைக் கவனித்துக்கொள்வதற்காக மதீனாவிலேயே தங்கிவிட்டார்கள். பத்ரில் கலந்துகொண்டவருக்குரிய நற்கூலியும் பங்கும் அவர்களுக்கு உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாக புகாரியில் காண்கிறோம். பின்னாளில் ஒருவர் இதையே அவர்கள்மீது குறையாகப் பேச, இப்னு உமர் (ரலி) அவர்கள் இச்செய்தியை எடுத்துரைத்து மறுத்தார்கள்.

மனைவியின் நோய்ப் படுக்கையருகே இருப்பது பெண்களின் வேலை, ஆண்கள் மருந்து வாங்கிக் கொடுத்துவிட்டுக் கடைத்தெருவுக்குப் போய்விடலாம் என்று எண்ணுவோர் நம்மிடையே இன்னும் பலர். அவர்களை மனத்தில் வைத்தே இக்கட்டுரை எழுதப்படுகிறது. கணவருக்கு அறுவை நடந்தால் மனைவிக்கு யாரும் கட்டுரை எழுதிச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் சொல்லாமலே செய்துவிடுவார்.

முழங்கால் மூட்டுத் தேய்வு ஆண்களைவிடப் பெண்களையே மிகுதியாகப் பற்றுகிறது. ஐம்பது வயதைக் கடந்த நம் தாய்மாரில் எத்தனை பேர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுகின்றனர் என்பதை எண்ணிப் பார்த்தாலே போதும். மாத்திரையும் தைலமும் பயனற்றுப் போன நிலையில் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சையே வழி என்கின்றனர் மருத்துவர்கள். இது புதிதன்று. 1968இல் கனடா நாட்டவரான ஃபிராங்க் கன்ஸ்டன் என்ற மருத்துவர் தொடங்கி வைத்த முறை, 1974இல் நியூயார்க்கில் ஜான் இன்சாலும் அவர்தம் குழுவினரும் வடிவமைத்த செயற்கை மூட்டினால் இன்றைய உருவை நெருங்கியது. தேய்ந்த எலும்பு முனைகளைச் சீவி, கோபால்ட்-குரோமியம் என்னும் உலோகக் கலவையைப் பொருத்தி, இடையே கடினமான பாலித்திலீனை வைக்கின்றனர். அவ்வளவே. 2019இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வொன்று, முழுமையாக மாற்றப்பட்ட மூட்டுகளில் 100க்கு 82 வரை 25 ஆண்டுகள் நிலைக்கின்றன என்று கணித்தது. செலவு அச்சுறுத்திய காலமும் உண்டு. 2017 ஆகஸ்டில் நடுவண் அரசின் விலைக் கட்டுப்பாட்டு ஆணையம், அதுவரை சராசரியாக ஒன்றரை இலட்சத்துக்கு மேல் விற்ற இம்மூட்டுக்கு வரி நீங்கலாக 54,720 ரூபாய் என உச்சவரம்பு விதித்தது.

அறுவை முடிந்து மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ வீட்டுக்கு அனுப்பிவிடுகின்றனர். உண்மையில் சிகிச்சையின் பெரும்பகுதி அதன் பிறகுதான் தொடங்குகிறது. மூட்டைப் பொருத்துவது மருத்துவரின் ஒன்றரை மணி நேர வேலை. அதை மடங்கவும் நீளவும் நடக்கவும் பழக்குவது வீட்டின் மூன்று மாத வேலை.

அந்த வேலைக்கு ஏன் கணவர்? மகள் இல்லையா, மருமகள் இல்லையா எனக் கேட்கலாம். இருக்கலாம், உதவட்டும். ஆனால், குளியலறைக்கு அழைத்துச் செல்லவும், உடை மாற்றவும், தொடைவரை ஒட்டிய கட்டைப் பார்க்கவும் நேரும்போது மகள் முன்னிலும் மருமகள் முன்னிலும் ஒரு பெண் கூசித்தான் போவாள். அவ்ரத் என்னும் திரை இல்லாத உறவு கணவன் மனைவி உறவு ஒன்றே. அந்தக் கூச்சத்திலிருந்து அவளை விடுவிக்கக்கூடியவர் ஒருவரே இருக்க, அவர் திண்ணையில் அமர்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பது எப்படிப் பொருந்தும்?

வீட்டை முதலில் பாருங்கள்

அறுவைக்கு நாள் குறித்ததுமே வீட்டை ஒருமுறை நோயாளியின் கண்ணோடு சுற்றி வாருங்கள். நம் பழைய வீடுகளின் உயர்ந்த நிலைப்படிகள், முற்றத்தின் ஈரம், கொல்லைப்புறக் கழிப்பறை ஆகிய ஒவ்வொன்றும் வாக்கர் பிடித்து நடப்பவருக்குக் கண்ணி. தரையில் பாய் விரித்துப் படுக்கும் வழக்கம் இனி இல்லை. கட்டில் வேண்டும், அதுவும் அமர்ந்தால் முழங்கால் இடுப்பைவிட உயராத அளவு வேண்டும். பாட்டன் காலத்து உயரமான தேக்குக் கட்டிலைப் பழையதென்று விற்றுவிட்டவர்கள் இப்போது வருந்துவார்கள்.

குந்தி அமரும் கழிப்பறை அறவே ஆகாது. மேல்நாட்டு வகை இல்லையெனில் நடுவில் துளையிட்ட கமோடு நாற்காலி மருத்துவப் பொருள் கடைகளில் விலைக்கும் வாடகைக்கும் கிடைக்கிறது. சுவரில் ஒரு கைப்பிடி அடித்துவிடுங்கள். துண்டு போடும் கம்பியைப் பிடித்து எழ முயன்று அதனோடு விழுந்தவர்கள் உண்டு. குளிப்பதற்கு மெல்லிய பிளாஸ்டிக் முக்காலி வேண்டாம்; ரப்பர்க் கால் பொருத்திய உறுதியான நாற்காலி வேண்டும். கால்மிதி விரிப்புகள், தரையில் ஓடும் மின்கம்பி, பேரப்பிள்ளைகளின் விளையாட்டுப் பொருள் எல்லாவற்றையும் அகற்றுங்கள். இரவில் கட்டிலிலிருந்து கழிப்பறைவரை ஒரு சிறு விளக்கு எரியட்டும்.

உடையையும் கவனிக்க வேண்டும். புடவைக் கொசுவமும் நீண்ட நைட்டியின் விளிம்பும் வாக்கரின் காலில் சிக்கும். வீட்டுக்குள் கணுக்காலுக்கு மேலே நிற்கும் உடையே பாதுகாப்பு. வாக்கரின் உயரம், நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வரும் இடத்திற்குச் சரியாக இருக்க வேண்டும். முதலில் வாக்கர், பிறகு அறுவை செய்த கால், பிறகு நல்ல கால். இதுவே நடையின் வரிசை. மாடிப்படியில் ஏறும்போது நல்ல கால் முந்தும். இறங்கும்போது அறுவை செய்த கால் முந்தும். இறங்குகையில் நீங்கள் அவருக்கு ஒரு படி கீழே நில்லுங்கள்.

மருந்தும் அபாய அறிகுறிகளும்

ஒரு நோட்டுப் புத்தகத்தில் மாத்திரைகளின் நேரத்தை எழுதிக்கொள்ளுங்கள். நினைவை நம்ப வேண்டாம். குறிப்பாக இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தை, அது மாத்திரையாயினும் ஊசியாயினும், மருத்துவர் சொன்ன நாள்வரை ஒரு வேளையும் தவறாமல் கொடுக்க வேண்டும். அசையாத காலின் ஆழ் நாளங்களில் இரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய்விட்டால் உயிருக்கே ஆபத்து. கெண்டைக்காலில் புதிதாக வலியும் வீக்கமும் சூடும் தோன்றினால் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். திடீரென மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் தொலைபேசியில் ஆலோசனை கேட்டுக்கொண்டிராமல் 108 வாகனத்தை அழையுங்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கெண்டைக்கால் வீங்கினால் எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிடும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அன்பினால் செய்யப்படுவதே, ஆனால் உறைகட்டி இருக்கும் காலைத் தேய்ப்பது அதை இடம்பெயரச் செய்துவிடலாம். எந்த மாமி எந்த எண்ணெயைக் கொண்டுவந்தாலும் நன்றி கூறி அலமாரியில் வைத்துவிடுங்கள். தையலின்மேல் மஞ்சள் பூசுவதும் வேண்டாம். பன்னிரண்டு பதினான்கு நாட்களில் தையல் பிரிக்கும்வரை புண் நனையக் கூடாது. சீழோ துர்நாற்றமோ விடாத காய்ச்சலோ பரவும் சிவப்போ கண்டால், வீட்டிலிருக்கும் பழைய ஆன்டிபயாட்டிக்கைத் தேடாமல் அறுவை செய்தவரிடமே காட்டுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்க்கு இரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதே புண்ணுக்கு இடும் முதல் மருந்து.

முழங்காலைச் சுற்றி வீக்கமும் இளஞ்சூடும் சில மாதங்கள் இருக்கும். தழும்பின் வெளிப்புறம் மரத்துப்போனதுபோல் தோன்றும். நடக்கையில் 'டக்' என்ற ஓசை கேட்கும். இவற்றுக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி ஒரு வேளைக்கு 15 முதல் 20 நிமிடம் ஒத்தடம் கொடுத்தால் வீக்கமும் வலியும் தணியும்.

ஆட்டுக்கால் சூப்பைப் பற்றியும் கேட்பார்கள். காலுக்குக் கால் என்ற கணக்கில் நம் வீடுகளில் நாள்தோறும் ஒரு பானை கொதிக்கத் தொடங்கிவிடும். சூடான, சுவையான பானம். பசி மந்தித்த நேரத்தில் உள்ளே இறங்குகிறதே என்பது அதன் சிறப்பு. ஆனால் அது நேராக முழங்காலுக்குப் போய் ஒட்டிக்கொள்வதில்லை. புண் ஆறவும் தசை வலுப்பெறவும் முட்டை, மீன், பருப்பு, பால் ஆகியவற்றின் புரதமே வேண்டும். வலி மாத்திரைகளால் மலச்சிக்கல் வரும். கீரையும் பழமும் தண்ணீரும் குறையாமல் பார்த்துக்கொள்க.

இரக்கம் பகையாகும் இடம்

இனிச் சொல்லப்போவதே மிகக் கடினமான பகுதி. எலும்பு மாற்றப்பட்டுவிட்டது, ஆனால் தசையும் தோலும் வலியினால் முழங்காலைப் பாதி மடக்கிய நிலையில் வைத்துக்கொள்ளவே விரும்பும். அந்நிலையில் விட்டுவிட்டால் உள்ளே வடுத்திசு வளர்ந்து மூட்டு இறுகிவிடும். முதல் ஆறு வாரங்களில் விட்டதைப் பிறகு பிடிப்பது அரிது. இறுகிய மூட்டை மீண்டும் மயக்க மருந்து கொடுத்து மடக்க வேண்டிய நிலைகூட வரும். பெரும்பாலோர்க்கு இரண்டு மூன்று வாரங்களில் 90 பாகையாவது மடங்க வேண்டும்; அதைப்போலவே முழுதாக நீளவும் வேண்டும். நீளாத முழங்கால் மடங்காத முழங்காலைவிடத் தொல்லை. ஆகவே, வலிக்கிறதே என்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்காதீர்கள்! வைப்பதானால் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். முழங்கால் தானே நீளும்.

பாதத்தை மேலும் கீழும் அசைத்தல், தொடைத் தசையை இறுக்கி முழங்காலைப் படுக்கையோடு அழுத்துதல், குதிகாலைப் படுக்கையில் உராய்ந்தபடி இழுத்து மடக்குதல், காலை நீட்டியவாறே தூக்குதல் என்னும் இப்பயிற்சிகளை பிசியோதெரபி நிபுணர் கற்றுத் தருவார். அவர் வந்துபோவது ஒரு மணி நேரம். மீதிப் பொழுதெல்லாம் ஆசிரியர் நீங்கள்தாம்.

என் துணைவிக்கு வலக்காலில் அறுவை நடந்து ஒன்பதாம் நாள். குதிகாலை இழுத்து மடக்கும்போது கண்ணீர் வழிய, "என்னங்க, இன்னிக்கு ஒருநாள் விட்டுடலாமே" என்றார். நாற்பது ஆண்டுகளில் எனக்காக எதையும் கேட்காத பெண்மணி. அந்த ஒரு வேண்டுகோளை மறுப்பதற்கு எனக்கிருந்த மனத்திடம் போதவில்லை. அருகில் நின்ற நிபுணரின் முகத்தைப் பார்த்தேன். அவர் நோயாளியிடம் பேசவில்லை, என்னிடம், "பயிற்சிக்கு அரைமணி நேரம் முன்னால வலி மாத்திரையைக் கொடுத்தீங்களா?" என்று மட்டும் கேட்டார். மாத்திரையைச் சாப்பாட்டு நேரத்தோடு சேர்த்தே கொடுத்து வந்திருந்தோம். மருத்துவமனைத் தாளிலும் அப்படித்தான் எழுதியிருந்தது. மருத்துவரிடம் கேட்டு நேரத்தை மாற்றினோம். மறுநாளும் வலித்தது, ஆனால் அழவில்லை.

பயிற்சியைக் கைவிடுவதற்கும் கொடுமைப்படுத்துவதற்கும் நடுவே இப்படிப் பல வழிகள் உண்டு. மாத்திரை நேரத்தைப் பயிற்சிக்கு ஏற்ப அமைக்கலாம். இருபது முறையை ஒரே மூச்சில் செய்யாமல் பத்துப் பத்தாகப் பிரிக்கலாம். முடிந்தவுடன் ஐஸ் வைக்கலாம். சுவரில் ஒரு தாள் ஒட்டி அன்றைய அளவைக் குறித்து வரலாம். நோயாளிக்குத் தன் முன்னேற்றம் தெரியாது, தாளுக்குத் தெரியும். ஆனால் நீங்களே காலைப் பிடித்து வலிந்து மடக்கிவிடக் கூடாது. அது நிபுணரின் கைக்கு உரியது.

இரண்டாம் மூன்றாம் வாரங்களில் பலருக்கு மனம் தளர்கிறது. இரவில் தூக்கம் வராது. "ஏன்தான் செஞ்சுக்கிட்டேனோ" என்று புலம்புவார்கள். 'எல்லாம் சரியாகிவிடும்' என்ற பொத்தாம் பொதுவான ஆறுதல் அப்போது எரிச்சலையே தரும். அருகில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருங்கள். பின்னிரவில் விழித்திருக்கும் இருவர் பேசிக்கொள்ள நாற்பதாண்டுக் கதைகள் இல்லாமலா போகும்?

தொழுகைக்காக

நம் பெண்களைப் பொறுத்தவரை வலியைவிடப் பெரிய வருத்தம் ஒன்று உண்டு: நெற்றியைத் தரையில் வைத்து ஸஜ்தா செய்ய முடியவில்லையே என்பது. அறுவைக்கு ஒப்புக்கொள்ளத் தயங்குவோர் பலரின் தயக்கமும் இதுவே. இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்கள் தம் நோயைப் பற்றிக் கூறியபோது, நின்று தொழுமாறும், இயலாவிடில் அமர்ந்தும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்தும் தொழுமாறும் நபி (ஸல்) அவர்கள் பணித்த செய்தி புகாரியில் உள்ளது. அந்த அனுமதி நோயாளிக்காக வந்ததுதான் என்பதை உங்கள் துணைவிக்கு நினைவூட்டுங்கள். நாற்காலியில் அமர்ந்து தொழுகையில் ருகூவைவிட ஸஜ்தாவுக்குச் சற்றுத் தாழக் குனிய வேண்டும். நிற்க முடிந்தவர் கியாமை நின்றே நிறைவேற்ற வேண்டுமா என்பதில் மத்ஹபுகளிடையே நுட்பமான வேறுபாடு இருப்பதால் உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்க.

கட்டுப் போட்டிருப்பதால் ஒளுச் செய்ய முடியாதென்று தொழுகையையே விட்டுவிடும் பெண்கள் இருக்கின்றனர். சற்றுச் சிந்தித்தால் தெளிவாகும்: ஒளுவில் கழுவ வேண்டியது கணுக்கால்வரை மட்டுமே, முழங்காலின் கட்டு அதற்குத் தடையே அன்று! பாதம்வரை இழுத்துவிட்ட இறுக்கமான காலுறை இருந்தால், மருத்துவர் அனுமதியுடன் சற்று நேரம் கழற்றி மாட்டலாம். குளிப்புக் கடமையாகும்போதுதான் கட்டைப் பற்றிய சட்டம் எழுகிறது. ஹனஃபீ மத்ஹபில் கட்டின்மேல் ஈரக்கையால் மஸஹ் செய்தால் போதும். ஷாஃபிஈ மத்ஹபில் அதனோடு தயம்மும் செய்ய வேண்டும்.

குனிந்து பாதம் கழுவ முடியாதவருக்கு ஒரு பேசினை வைத்து நீங்கள் தண்ணீர் ஊற்றுங்கள். நபி (ஸல்) அவர்கள் ஒளுச் செய்கையில் முகீரா (ரலி) அவர்கள் நீர் ஊற்றியிருக்கிறார்கள். இங்கே காயல்பட்டினம், கீழக்கரை முதலான கடலோர ஊர்களின் ஷாஃபிஈ குடும்பங்களுக்கு ஒரு சிக்கல். அம்மத்ஹபின்படி கணவன் மனைவியின் வெற்றுத்தோல் பட்டாலும் இருவர் ஒளுவும் முறிந்துவிடும். ஒளு முடித்த மனைவியைக் கைப்பிடித்து நாற்காலிக்கு அழைத்து வந்தால் மீண்டும் ஒளுச் செய்ய வேண்டுமே என்று, தாங்கிப் பிடிக்கவும் அஞ்சித் தனியே நடக்கவிடுபவர்கள் உண்டு. ஒரு நீண்ட துண்டை அவர் இடுப்பில் உடையின் மேலாகச் சுற்றி அதைப் பிடித்துக்கொண்டால் ஒளுவும் நிலைக்கும், விழாமலும் காக்கலாம். உண்மையில் கையைப் பிடித்து இழுப்பதைவிட இதுவே மருத்துவ முறைப்படியும் சரியான பிடி.

மாத்திரை வேளைகள் இருப்பதால் நோன்பை ஒத்திப்போட நேர்ந்தால், நோயாளிக்குக் களாச் செய்யும் சலுகை உண்டு.

அடுப்படியும் விருந்தினரும்

ஆயிஷா (ரலி) அவர்களிடம், நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, குடும்பத்தாரின் பணியில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் புறப்படுவார்கள் என்று விடையளித்தார்கள். இதை மேடைகளில் கேட்டுத் தலையசைத்த நாம், அடுப்படியில் நுழைந்தால் முதல் எதிர்ப்பு மனைவியிடமிருந்தே வரும். "நீங்க வெளியே போங்க, பாக்குறவங்க என்ன சொல்லுவாங்க?" என்பார். போகாதீர்கள். அடுப்படி வாசலில் உயரமான நாற்காலி போட்டு அவரை அமர்த்தி, ஆணத்துக்குப் புளி எவ்வளவு என்று கேட்டுக் கேட்டுச் செய்யுங்கள். ஆணம் எப்படியிருந்தாலும், வீட்டின் ஆட்சி தம் கையைவிட்டுப் போகவில்லை என்ற நிறைவு அவருக்குக் கிடைக்கும். எல்லாச் சுமையையும் மருமகள் தலையில் ஏற்றுவதும் நியாயமன்று.

நோயாளியை நலம் விசாரிப்பது சுன்னத்து. ஆனால் விசாரிக்க வருவோர் இரண்டு மணி நேரம் அமர்ந்துவிட்டால், மரியாதைக்காகக் காலைத் தொங்கவிட்டு அமர்ந்திருக்கும் நோயாளியின் கால் மாலையில் பூசணிக்காயாய் வீங்கும். அறுவைக்குப் பின் நடக்கவே முடியாமல் போன யாரோ ஒருவரின் கதையையும் தவறாமல் சொல்லிவிட்டே செல்வார்கள். வாசலில் நின்று, "இப்பதான் படுத்தாங்க, ஒரு சலாம் சொல்லிட்டு வந்துடுங்க" என்று இதமாகச் சொல்லும் வேலை கணவருடையது. சளி, காய்ச்சலோடு வருவோரை முற்றத்திலேயே நிறுத்திவிடுங்கள்.

மூன்று மாதங்களுக்குப் பின்

ஆறு வாரங்களில் பெரும்பாலோர் வாக்கரிலிருந்து கைத்தடிக்கு மாறி, பின்பு அதையும் விட்டுவிடுகின்றனர். இரு சக்கர வாகனத்தின் பின்னால் ஒருக்களித்து அமர்வதை மருத்துவர் அனுமதிக்கும்வரை தவிர்க்கவும். காரில் ஏறும்போது இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி, முதலில் அமர்ந்து, பிறகு இரு கால்களையும் சேர்த்து உள்ளே திருப்ப வேண்டும். பல் பிடுங்கச் சென்றால் செயற்கை மூட்டு இருப்பதை முன்கூட்டியே சொல்லுங்கள்.

கால் தேறியதும் பலருடைய முதல் நிய்யத்து உம்ராதான். அவசரப்பட வேண்டாம், ஸஃபா மர்வாவுக்கிடையே ஏழு முறை நடப்பது மட்டுமே ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் வரும். வீட்டுத் தெருவில் அவ்வளவு தொலைவு களைப்பின்றி நடக்க முடிந்த பிறகு பயணச் சீட்டு எடுக்கலாம். அங்கே சக்கர நாற்காலியும் கிடைக்கிறது. விமான நிலையத்தின் உலோகச் சோதனை வாயில் முழங்காலைக் கண்டு ஒலி எழுப்பும். அறுவை நடந்ததற்கான மருத்துவமனைச் சான்றின் நகலைக் கடவுச்சீட்டுடன் வைத்துக்கொண்டு, தனியறையில் பெண் அலுவலர் சோதிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்ளலாம்.